அழுவதற்கு ஆளில்லாத செய்தி

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை இலக்கிய நயம் கருதி எவரும் படிப்பதில்லை. சட்ட மாணவர் தேர்வுக்காகப் படிக்கிறார். வழக்கறிஞர் வாதத்துக்காகப் புரட்டுகிறார். ஆயினும், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதியரசர் குல்தீப் சிங் அமர்ந்திருந்த ஆயம் வழங்கிய தீர்ப்பொன்றில், கதையாசிரியர் எவரும் பொறாமை கொள்ளத்தக்க சிறு செய்தி ஒன்று புதைந்து கிடக்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கு அது. தோல் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் அதன் கரையிலுள்ள கிணறுகளையும் கெடுத்துவிட்டது என்பது முறையீடு. தமிழ்நாடு சட்ட உதவி வாரியத்தின் வேண்டுகோளை ஏற்று இரண்டு வழக்கறிஞர்கள் ஆம்பூர்ப் பகுதிக்குச் சென்று நேரில் பார்த்து எழுதிய அறிக்கையின் சில பத்திகள் அத்தீர்ப்பில் சேர்க்கப்பட்டுள்ளன.

அதில் மல்லிகைத்தோப்பு என்னும் சிற்றூர் வருகிறது. வீடுகள் 115. கிணறுகள் 13. பதின்மூன்றும் கெட்டுவிட்டன. நல்ல தண்ணீர் வேண்டுமானால் அரைக் கிலோமீட்டர் நடந்து தலைச்சுமையாகக் கொண்டுவர வேண்டும். இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது ஓர் அரசு அறிக்கையாக இருந்திருக்கும். ஆனால் வழக்கறிஞர்கள் இன்னும் ஒன்று சேர்த்தார்கள்: அவ்வூர்ப் பெண்கள் அவ்வளவு தூரம் தலையில் தண்ணீர் சுமந்து பழக்கமில்லாதவர்கள், ஆகையால் கொண்டுவரும் கொஞ்சம் நீரைச் சமையலுக்கும் குடிப்பதற்கும் மட்டும் வைத்துக்கொண்டு, குளிப்பதற்கும் பிறவற்றுக்கும் கெட்ட நீரையே பயன்படுத்துகிறார்கள், அதனால் நோய் வருகிறது.

பழக்கமில்லாதவர்கள் என்ற அந்தச் சொல்லை எண்ணிப் பாருங்கள். வீட்டுக் கொல்லையிலேயே கிணறு வைத்து வாழ்ந்தவர்களின் தலைமுறை அதற்குள் அடங்கியிருக்கிறது. தலைச்சுமை என்பது அவர்களுக்குப் புதிது. கழுத்து வலி புதிது. ஊரின் பெயரிலோ இன்னும் மல்லிகை மணக்கிறது. அந்த ஒரு சொல்லை எழுத வேண்டுமானால் அங்கே நின்று, ஒரு பெண்ணிடம் "ஏன் அம்மா, இன்னும் ஒரு குடம் கொண்டுவரக் கூடாதா?" என்ற வகையில் எதையேனும் கேட்டிருக்க வேண்டும், அவள் சொன்னதைப் பொருட்படுத்தியும் இருக்க வேண்டும்.

செய்தித் துறையில் இதைத்தான் மனிதக் கோணம் என்கிறார்கள். தொலைக்காட்சிச் செய்தி ஆசிரியர்கள் இளம் நிருபருக்கு முதலில் சொல்லும் அறிவுரையும் இதுவே: எண்ணை மட்டும் கொண்டு வராதே, ஆளைக் கொண்டு வா. அறிவுரை நல்லதுதான். ஆனால் அந்த "ஆள்" யார் என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதிலேதான் சிக்கல் தொடங்குகிறது. தோல் ஆலைகள் நிறைந்த நமது வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தின் அண்மை வரலாறு இந்தச் சிக்கலைத் தெளிவாகக் காட்டுகிறது.

தொழிலின் வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டு, சென்னைத் துறைமுகம் வழியே சீமைக்கு அனுப்பியது பழைய தலைமுறை. முதல் போட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ் முஸ்லிம் வணிகர். சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி நின்றவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1970களின் தொடக்கத்தில், அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை மத்திய அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் தோல் பொருளையும் ஊக்குவித்தது. நாட்டுக்கு அந்நியச் செலாவணி பெருகியது. பட்டைத் தொட்டி இருந்த இடத்தில் குரோமிய உப்பும் சுழலும் டிரம்மும் வந்தன. சோலூரில் நடந்த நீராய்வு பற்றிய 1983ஆம் ஆண்டு அறிக்கை, ஆலைக் கழிவில் 176 வகை வேதிப்பொருள்கள் இருந்ததாகச் சொன்னது. இவ்வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றுப் போனது என்பதும் அதே தீர்ப்பில் இடம்பெற்ற கணக்கு.

இவையெல்லாம் நடந்தேறிய காலத்தில் தொலைக்காட்சி எங்கே இருந்தது?

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அந்நாளைய தமிழ்ச் செய்தியை நினைவுகூரும் வாசகர்களுக்கு ஷோபனா ரவியின் முகமும் வரதராஜனின் குரலும் உடனே நினைவுக்கு வரும். செய்தியில் வந்த ஏழை ஒருவரின் முகம் நினைவுக்கு வருகிறதா? வராது. அமைச்சர் விழாவில் விளக்கேற்றுவார். அதிகாரி ஆய்வு நடத்துவார். மக்கள் கூட்டமாகக் கைதட்டுவார்கள். அரசு ஊடகத்தின் இலக்கணம் அது. பாலாறு மெதுவாகச் செத்துக்கொண்டிருந்தது. மெதுவாகச் சாவது எதுவும் அந்த இலக்கணத்தில் செய்தியாகாது. பின்னர் 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்தது. தொடர்ந்து பல அலைவரிசைகள் வந்தன. 2011இல் புதிய தலைமுறை தொடங்கியபின் இருபத்து நான்கு மணிநேரச் செய்திக்கே தமிழில் ஒரு போட்டி உருவாயிற்று. அமைச்சர் இருந்த இடத்தை இப்போது மக்கள் பிடித்தார்கள். ஒலிவாங்கி வீதிக்கு வந்தது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. குடிநீர் வராத தெருவின் பெண்கள் காலிக் குடங்களோடு நின்று ஆட்சியரைக் கேள்வி கேட்கும் காட்சி 1985இல் நம் வீட்டுத் திரையில் நினைத்துப் பார்க்க முடியாதது.

ஆனால் வீதிக்கு வந்த ஒலிவாங்கிக்கும் ஓர் இலக்கணம் உருவாகிவிட்டது. மாவட்ட நிருபர் ஒருவர் தம் ஊரின் விபத்தைச் செய்தியாக்க அவருக்குக் கிடைப்பது ஒன்றரை நிமிடம். விபத்து நடந்த இடம், காவல்துறை வாகனம், மருத்துவமனை வாயில், அதிகாரியின் "பைட்", உறவினரின் "பைட்". இந்தக் கடைசியானதுதான் மனிதக் கோணம் என்ற பெயரில் நிரப்பப்படும் கட்டம். தாய் அழ வேண்டும். மனைவி மயங்கி விழ வேண்டும். அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்கப்படும் முதல் கேள்வியே "ஃபேமிலி இருக்காங்களா?" என்பதாக இருக்கும். அந்த நிருபர்களில் பலர் மாதச் சம்பளம் இல்லாதவர்கள். ஒளிபரப்பாகும் செய்திக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள். ஆகவே அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது என் நோக்கமன்று. வழக்கத்தைப் பற்றியே பேசுகிறேன்.

இந்த வழக்கம் உடைந்துபோன ஓர் இரவு உண்டு. 2015 ஜனவரி 31, அதிகாலை. இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பல தோல் ஆலைகளுக்குப் பொதுவான கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில், கழிவுச் சேற்றைத் தேக்கி வைத்திருந்த தொட்டியின் சுவர் இடிந்தது. சேறு பக்கத்து ஆலைக்குள் பாய்ந்தது. அங்கே வேலை முடித்து உறங்கிக்கொண்டிருந்தவர்கள் அதில் மூழ்கி மாண்டனர். இறந்தவர் பத்துப் பேர். அவர்களில் ஒன்பது பேர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

அன்றைய செய்திகளில் என் நினைவில் நிற்பவை இடிந்த சுவரும், கருஞ்சேறும், மீட்புப் பணியாளர்களின் முழங்காலளவு அழுக்கும்தான். பின்பு விவாதம் சுவரைப் பற்றியும் அனுமதியைப் பற்றியும் அதிகாரிகளைப் பற்றியும் சென்றது. அவை வேண்டிய விவாதங்களே. ஆனால் மருத்துவமனை வாயிலில் மார்பில் அடித்துக்கொண்டு அழ அந்த ஒன்பது பேரின் தாய்மார் இல்லை. அவர்கள் ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தார்கள். செய்தி அவர்கள் காதுக்கு எட்டி, அவர்கள் இரயிலேறிக் காட்பாடி வந்து சேர்வதற்குள் ஒளிபரப்பு வண்டி வேறு ஊருக்குப் போய்விடும். உறவினரின் கட்டத்தை நிரப்ப ஆள் கிடைக்கவில்லை. ஆகவே "வடமாநிலத் தொழிலாளர்கள்" என்ற ஒற்றைச் சொல்லில் அவர்கள் அடங்கிப்போனார்கள். வங்காளம் கிழக்கே இருக்கிறது என்பதைக்கூட அந்தச் சொல் பொருட்படுத்தவில்லை.

மொழி தெரியாதே, என்ன செய்வது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இராணிப்பேட்டையிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வேலூரில், கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகை வைத்த விடுதிகளும் உணவகங்களும் உண்டு. மேற்கு வங்கத்திலிருந்து சிகிச்சைக்கு வருவோர் அங்கே பல்லாண்டுகளாகக் குவிகிறார்கள். அவர்களோடு பேசிப் பேசி வங்காளம் கற்றுக்கொண்ட தமிழ்க் கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் இருக்கிறார்கள். நோயாளியாக வந்த வங்காளிக்கு நமது ஊர் மொழி கற்றுக்கொண்டது. தொழிலாளியாக வந்து செத்த வங்காளிக்கு மொழிபெயர்க்க ஒருவரை அழைத்துச் செல்லத் தோன்றவில்லை. வாடகை தருபவன் மொழியை நாம் விரைந்து கற்றுக்கொள்கிறோம் என்று சொன்னால் அது கடுமையாகப் படலாம். இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்த ஆலையில் உயிர் தப்பிய உடன்தொழிலாளர்கள் இருந்திருப்பார்களே. அதே ஊரைச் சேர்ந்தவர்களாகவும் இருந்திருக்கக் கூடுமே. இறந்தவன் எந்த ஊர்க்காரன், வயல் இருந்ததா, ஏன் வந்தான், மாதம் எவ்வளவு அனுப்பினான், ஆலைக்குள்ளேயே ஏன் உறங்கினான் என்று கேட்டிருக்கலாம். இவற்றுள் கடைசிக் கேள்விதான் மிக முக்கியமானது. கூலி வாங்கும் இடத்திலேயே, சேற்றுத் தொட்டியின் சுவரோரம், ஒருவன் ஏன் பாய் விரிக்கிறான்? வாடகை மிச்சமா, வேறு வீடு கிடைக்கவில்லையா, இரவும் வேலைக்கு எழுப்பப்படுவானா? இந்த விடைக்குள்தான் விபத்தின் காரணமும் இருக்கிறது. சுவர் இடிந்ததற்குப் பொறியாளர் விடை சொல்வார். சுவருக்குப் பக்கத்தில் மனிதர்கள் இருந்ததற்கு உடன்தொழிலாளிதான் விடை சொல்ல முடியும்.

அழுகைக்கும் காரணத்துக்கும் உள்ள இந்த உறவை உலகத் தொலைக்காட்சி வரலாறும் பலமுறை கண்டிருக்கிறது. 1960 நவம்பர் 25 அன்று அமெரிக்காவில் சி.பி.எஸ். நிறுவனம் "வெட்கத்தின் அறுவடை" என்று பொருள்படும் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. எட்வர்ட் மரோ தொகுத்தளித்தார். ஊர் ஊராகப் போய்க் காய்கனி பறிக்கும் பண்ணைக் கூலிகளைப் பற்றியது அது. ஒளிபரப்பிய நாள், அந்நாட்டினர் நன்றித் திருநாள் விருந்துண்ட மறுநாள். மேசையில் மீந்திருந்த உணவைப் பறித்த கைகள் எவை என்று காட்டிவிட்டார்கள். அதில் முகங்கள் இருந்தன. கூலிக் கணக்கும் இருந்தது. பண்ணை முதலாளிகளின் பேச்சும் இருந்தது.

1984இல் வேறொன்று நடந்தது. அவ்வாண்டு அக்டோபர் 23 அன்று, எத்தியோப்பியாவின் கோரெம் முகாமிலிருந்து மைக்கேல் பியர்க் அளித்த செய்தியை பி.பி.சி. ஒளிபரப்பியது, ஒளிப்பதிவாளர் கென்யாவைச் சேர்ந்த முகமது அமீன். விடியற்காலைப் பனியில் பசியால் சுருண்டு கிடந்த அம்மக்களைக் கண்டு உலகமே பதைத்தது. நிதி குவிந்தது, உயிர்கள் பிழைத்தன. ஆயினும் அப்பஞ்சத்துக்கு மழையின்மை மட்டும் காரணமன்று. அந்நாட்டு இராணுவ அரசு வடக்கே நடத்திய போரும் காரணம் என்பது பார்வையாளர் மனத்தில் பதியவில்லை. விவிலியக் காலத்துப் பஞ்சம் போலக் காட்டப்பட்டது, அரசியலற்ற துயரமாக நின்றுவிட்டது. முகம் இருந்தது, காரணம் மங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் போபாலில் நச்சுவாயு பரவியபோது, மண்ணுக்குள் புதைக்கப்படும் ஒரு குழந்தையின் முகம் புகைப்படமாக உலகெங்கும் சென்றது. அக்குழந்தை யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

எத்தியோப்பியப் பஞ்சத்திலேயே மாறான ஒரு கதையும் இருக்கிறது. கனடா நாட்டு சி.பி.சி. நிருபர் பிரையன் ஸ்டீவர்ட், சாகும் தறுவாயிலிருந்த ஒரு சிறுமியைப் படமெடுத்தார். சில நிமிடங்களில் இறந்துவிடுவாள் என்று செவிலி கைவிட்ட குழந்தை. பெயர் பிர்ஹான் வோல்டு. பிழைத்துக்கொண்டாள். 1985 ஜூலையில் நடந்த "லைவ் எய்ட்" இசை நிகழ்ச்சியில் அவள் முகம் திரையில் காட்டப்பட்டு உலகை உலுக்கியது. ஸ்டீவர்ட் பின்னர் எத்தியோப்பியாவுக்குத் திரும்பிச் சென்று, தேடி, அவள் குடும்பத்தைக் கண்டுபிடித்துப் படிப்புக்கு உதவினார். 2005 ஜூலையில் இலண்டனில் "லைவ் 8" மேடையில் அவள் வளர்ந்த பெண்ணாக வந்து நின்றாள். உதவி செய்யலாமா என்பது நிருபர்களுக்குள் முடிவில்லாத வழக்கு, அதை விட்டுவிடுவோம். எனக்குப் பெரிதாகத் தோன்றுவது அவர் திரும்பிப் போனதுதான்.

நமது வட்டாரத்துக்குத் திரும்பிப் போன செய்திகள் மிகக் குறைவு. 1996 தீர்ப்பு வந்தபோது மாசு செய்த ஒவ்வோர் ஆலைக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு வசதி இல்லாதவற்றுக்கு மூடல் என்பவை தலைப்பாயின. "மாசு செய்தவரே ஈடு செய்ய வேண்டும்" என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அத்தீர்ப்பு நிலைநாட்டியதைச் சட்டக் கல்லூரிகள் இன்றும் கற்பிக்கின்றன. தீர்ப்பின்படி அமைந்த இழப்பீட்டு ஆணையம் 2001 மார்ச்சில் தன் முடிவை வெளியிட்டது: வேலூர் மாவட்டத்தில் 29,193 குடும்பங்கள், ஏறத்தாழ 26.82 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் சராசரியாக ஒரு குடும்பத்துக்கு ஒன்பதாயிரத்துச் சொச்சம். கெட்டுப்போன கிணற்றுக்கு மாற்றாக ஓர் ஆழ்துளைக் கிணறு போடக்கூட அது போதாது. கோடியில் சொன்னால் பெருந்தொகையாக ஒலிப்பது, வீட்டு வாசலில் நின்று சொன்னால் எவ்வளவு சிறுத்துவிடுகிறது! இந்த வகுத்தல் கணக்குக்கு ஒரு கேமராவும் தேவையில்லை. இருந்தாலும், ஒரு நிருபர் அந்த ஒன்பதாயிரத்தை வாங்கிய விவசாயி ஒருவரைத் தேடிப்போய் அதை என்ன செய்தீர்கள் ஐயா என்று கேட்டிருந்தால், கோடிகளைப் பற்றிய பத்து விவாதங்களுக்கு அது ஈடாகியிருக்கும்.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மனிதக் கோணம் ஒன்றுதான் என்று நினைப்பதே பிழை. ஆலை மூடப்படும்போது வேலையிழக்கும் தொழிலாளியும் மனிதனே. கெட்ட கிணற்றருகே நிற்கும் விவசாயியும் மனிதனே. திரையில் இருவரையும் எதிரெதிரே நிறுத்தி மோதவிடுவது எளிது, விறுவிறுப்பாகவும் இருக்கும். ஆனால் நமது ஊர்களில் இவ்விருவரும் பல சமயம் ஒரே குடும்பத்தினர். மூத்தவன் தந்தையின் காய்ந்த நிலத்தைப் பார்க்கிறான். இளையவன் அதே நிலத்தைக் கெடுத்த தொழிலில் கூலி வாங்குகிறான். மருமகள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காலணியின் மேற்பகுதியை, அதாவது "அப்பரை", ஊசியால் கையில் தைக்கிறாள். ஆம்பூர்ப் பக்கத்துத் தெருக்களில் நடந்து பார்ப்பவர்கள் இந்தத் தையலைக் காணலாம். சோடிக்கு இவ்வளவு என்று இடைத்தரகர் தரும் சில ரூபாய்தான் கூலி. அவள் தைத்தது ஐரோப்பியக் கடைகளில் என்ன விலைக்குப் போகிறது என்பது அவளுக்குத் தெரியாது. ஆலைத் தொழிலாளர் பட்டியலிலும் அவள் பெயர் இல்லை. விபத்து நடவாத வீட்டில் இருப்பதால் செய்தியிலும் அவள் இல்லை. விரல் நுனியில் ஊசி குத்துவது விபத்துக் கணக்கில் வருவதில்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1990களில் இந்தியாவின் மிக வறிய மாவட்டங்களில் அலைந்து எழுதியபோது, நமது இராமநாதபுரமும் புதுக்கோட்டையும் அவர் பயணத்தில் இருந்தன. நிகழ்ச்சியை எழுதுகிறோம், நிகழ்ச்சிக்குப் பின்னுள்ள நீண்ட போக்கை எழுதுவதில்லை என்பது அவர் தம் துறையின் மீது வைத்த குறை. அச்சு ஊடகத்தைப் பார்த்துச் சொன்னது, படம் காட்டியாக வேண்டிய தொலைக்காட்சிக்கு இன்னும் பொருந்தும். போக்குக்குப் படம் கிடையாது என்பார்கள். மல்லிகைத்தோப்புப் பெண்ணின் கழுத்து அதற்குப் படமாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவர்கள் கேமரா இல்லாத இரண்டு வழக்கறிஞர்கள்.

இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலையொன்று விட்டுச்சென்ற ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் டன் கழிவுக் குவியல், நியூயார்க்கைச் சேர்ந்த அமைப்பொன்று 2006இல் வெளியிட்ட உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் அவ்வூரைச் சேர்த்தது. அப்பட்டியல் வந்தபின் வெளியூர்க் கேமராக்களும் வந்தன. மஞ்சள் நிறத் தண்ணீரைப் படமெடுத்தார்கள். அது படத்தில் எடுப்பாக இருக்கும். அக்குவியலுக்கருகே கால்நடை மேய்ப்பவரின் பாதங்களைப் படமெடுக்கக் குனிய வேண்டும்.

2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. இராணிப்பேட்டை தனி மாவட்டமாயிற்று. பாலாறு மட்டும் பிரியவில்லை. தோல் கழிவு வழக்கும் முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதியரசர்கள் பர்திவாலாவும் மகாதேவனும் அமர்ந்த உச்ச நீதிமன்ற ஆயம், பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இன்னும் வழங்கப்படாத இழப்பீட்டை வழங்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைத்துக் கண்காணிக்கவும் ஆணையிட்டது. அன்று மாலைச் செய்திகளில் வறண்ட பாலாறும் நுரை மிதக்கும் கால்வாயும் காட்டப்பட்டன. மறுநாள் ஜனவரி 31. இராணிப்பேட்டையில் பத்துப் பேர் மாண்டு சரியாகப் பத்தாண்டு நிறைந்த நாள். நான் பார்த்தவரையில், இவ்விரண்டையும் ஒரே செய்தியில் வைத்த அலைவரிசை ஒன்றும் இல்லை.